பனியைப் பார்க்கவா பணம் கொடுத்தோம்? – வாசகர் கேள்வி பதில்

சித்திரை லீவு முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவைப் பற்றியவை. ஒஹியாவில் வீட்டோடு சேர்ந்த சில அறைகளை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்குச் சமைத்தும் போடுகிறவள் நான். விடியுமுன்னே சாப்பாட்டுப் பொதியோடு கிளம்புகிற முகத்தையும் மத்தியானம் திரும்பி வருகிற முகத்தையும் ஒரே நாளில் பார்க்கிறேன். யார் மனம் நிறைந்து வருகிறார்கள், யார் முகம் தொங்கி வருகிறார்கள் என்பது என் சமையலறை வாசலிலேயே தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: குடும்பத்தோடு வேன் பிடித்து உலக முடிவு பார்க்கப் போனோம். விளிம்புக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. சுற்றிவர வெள்ளைப் பனி. பக்கத்தில் நின்ற மகனின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பனியைப் பார்க்கவா இவ்வளவு பணம் கொடுத்தோம் என்று பிள்ளைகள் வழி நெடுகக் கேட்டார்கள். அந்த இடத்தைப் பற்றி ஊர் பேசுவதெல்லாம் சும்மாதானா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: ஊர் பேசுவது பொய்யில்லை, தங்கச்சி. உங்கள் கோபமும் நியாயம்தான். ஆனால் அது பனியின் மேல் போகக் கூடாது. எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களைக் கூட்டிப்போனவர் மேல் போக வேண்டும்.

உலக முடிவு சமவெளியின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. அங்கே மலை 800 மீட்டருக்கு மேல் சரேலென்று இறங்குகிறது. வெயில் ஏற ஏற, கீழே பள்ளத்தாக்கில் சூடான ஈரக்காற்று அந்த மலைச்சுவரை ஒட்டி மேலே எழும்பும். உயரம் கூடக் கூடக் குளிர்ந்து முகிலாகிவிடும். அதனால்தான் பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணியோடு விளிம்பு மூடிவிடுகிறது. பூங்காவின் வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. அந்த நேரத்துக்கே வந்து நிற்கிறவர்கள் எட்டு மணிக்கு முன்பின்னாக விளிம்புக்குப் போய்விடலாம். பண்டாரவளையிலிருந்து என்றால் நாலு மணிக்கே வேன் உருள வேண்டும். வானம் திறந்திருந்தால் கீழே நன்பேரியல் தோட்டத்துத் தேயிலை மலைகள் தெரியும், அதற்கப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் தெரியும். மிகத் தெளிவான நாளில் தெற்கே கடலின் கோடும் தெரியும்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றியது. பனி இறங்கிய ஒரு நாளில் என் வீட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் போயின. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே பாதையில் நடந்து, ஒரே வெள்ளையைத்தான் பார்த்தன. ஒரு குடும்பம் திரும்பி வந்து, "ஒன்றுமே தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிட்டது. மற்றக் குடும்பத்தின் சின்ன மகள், சுண்டுவிரலை மூக்கு நுனியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாசி பிடித்த ஒரு மரத்தில் கொம்பு ஓணானைக் கண்டிருக்கிறாள். உடம்பு ஒரு விரல் நீளம்தான், வால் அதைவிட நீளம், மூக்கில் வெள்ளையாக ஒரு கொம்பு. ஆளைக் கண்டு விழுந்தடித்து ஓடுகிற பிராணி அல்ல. பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டும். நம் நாட்டின் மத்திய மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதைக் காண முடியாது. அந்தப் பிள்ளை கால் மணி நேரம் அதன் முன்னால் நின்றாளாம்.

இரண்டு குடும்பத்துக்கும் வித்தியாசம் என்னவென்று விசாரித்தேன். நடக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு காவலர் அந்தப் பிள்ளையிடம், பனி வந்தால் தூரத்தைத் தேடாதே, மரத்தின் அடியைப் பார் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். முதல் குடும்பத்திடம் அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது முகநூலில் பார்த்த ஒரு படம் மட்டும்தான். அந்தப் படங்களெல்லாம் அநேகமாக ஜனவரி, பெப்ரவரி மாதத்துக் காலை ஏழரை மணியில் எடுத்தவை. அதே படத்தை நேரில் தேடிக்கொண்டு போகிறவருக்கு மற்ற எல்லாமே குறையாகத்தான் தெரியும்.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். அந்தப் பனிதான் அந்தக் காட்டின் குடிநீர். குட்டையாக, கோணலாக வளர்ந்த அந்த மரங்களும் அவற்றின் மேல் தொங்குகிற பாசியும் பனியைத் தடுத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குகின்றன. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் கொடுக்கிற ஓடைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. காசு கொடுத்துப் பனியைப் பார்த்ததாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மூன்று பெரிய ஆறுகள் பிறக்கிற இடத்தில் நின்றிருக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் வழிநெடுக வேறு கேள்வி கேட்டிருப்பார்கள்.

மறுபடி போங்கள். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர், பிள்ளைகளோடு என்றால் நாலு மணி நேரம் வையுங்கள். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைக் கடைசிக்கு விட்டுவிடலாம். அது பனி வந்தாலும் அழகு குறையாத இடம்.

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது?
– ஒரு வாசகர், வத்தளை

பதில்: ஜனவரியிலிருந்து மார்ச் வரை. விடியலில் புல்லின் மேல் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடப்பதை அந்த நாட்களில் காணலாம், கம்பளிச் சட்டை கட்டாயம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று, மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும். சித்திரையில் நுவரெலியா முழுக்க ஆட்கள். போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் லீவு கிடைத்தால் அதைவிட நல்ல நாள் இல்லை.

கேள்வி: நான் சுற்றுலாத்துறை படிக்கும் பல்கலைக்கழக மாணவி. இயற்கைப் பூங்காக்களுக்கு வருவோரின் திருப்தி பற்றி ஆய்வு செய்கிறேன். முதலில் கொஞ்சப் பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் 'திருப்தி', 'மிகவும் திருப்தி' என்றே புள்ளடி போட்டிருக்கிறார்கள். அப்படியானால் குறையே இல்லையா?
– ஒரு மாணவி, கொட்டகலை

பதில்: மகள், உன் கேள்வியைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். எல்லோரும் நன்று என்று சொன்னதை அப்படியே எழுதி முடிக்காமல், ஏன் என்று கேட்கிறாயே, அது பெரிய விஷயம்.

நீ கேட்டவர்கள் யார் என்று பார். வாசலில் இருந்தவர்கள். கூட்டமும் சத்தமும் பிடிக்காமல் போனவர் இரண்டாம் முறை வரவே மாட்டார். அவர் வேறு மலைக்குப் போய்விடுவார், அல்லது வீட்டிலேயே இருந்துவிடுவார். அவர் கையில் உன் வினாக்கொத்து போய்ச் சேராது. அமெரிக்கப் பூங்காக்களிலும் ஆறுகளிலும் கூட்ட நெரிசலைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கூட்டம் கூடினாலும் திருப்தி குறையாமல் இருப்பதற்கு ஒரு காரணம், மனம் நொந்தவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவதுதான். யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் அடைத்து நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு, இனி அந்தப் பக்கமே வேண்டாம் என்று எங்கள் மலைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். யாலவின் கணக்கில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இன்னொன்று நம் ஆட்களின் சுபாவம். லீவு போட்டு, வேன் பிடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த பயணத்தை நன்றாக இல்லை என்று சொல்ல வாய் வராது. அறிமுகமில்லாத ஒரு பிள்ளை பேனையோடு வந்து கேட்டால், மனம் நோகக் கூடாது என்று நல்லதாகத்தான் புள்ளடி போடுவார்கள்.

அதனால் வருவதற்கு முன்னும் கேள், போகும்போதும் கேள். வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஒலிவர் 1980 இல் எழுதிய கட்டுரையை உன் விரிவுரையாளர் சொல்லியிருப்பார். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, இந்த இரண்டுக்கும் இடையில்தான் திருப்தி பிறக்கிறது என்பது அவர் வாதம். போகும்போது மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் உன் கைக்கு வரும். காலையில் "இன்று எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேள். மத்தியானம் "வீட்டுக்குப் போனதும் முதலில் எதைச் சொல்வீர்கள்?" என்று கேள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்காது. பிறகு உட்கார்ந்து அந்த வித்தியாசத்தை எழுது.

மனத்தைக் கெடுக்கிற காரணமும் மனத்தை நிறைக்கிற காரணமும் வேறு வேறு என்பதையும் மறந்துவிடாதே. மலசலகூடம் சுத்தமாக இருந்தது என்று யாரும் வீட்டில் போய்க் கதை சொல்வதில்லை. ஆனால் அது அசுத்தமாக இருந்தால் அந்த நாளே போய்விடும். நான் விடியலில் ஊற்றிக் கொடுக்கிற பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற பெண்கள் நிறைய. ஏன் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, "போகிற இடத்தில் வசதி எப்படி இருக்குமோ தெரியாது அக்கா" என்பார்கள். தண்ணீர் குடிக்காமல் 9 கிலோமீட்டர் நடந்து, தலைவலியோடு வந்து படுப்பார்கள். அவர்களும் உன் தாளில் 'திருப்தி' என்றுதான் போட்டிருப்பார்கள். "காலையிலிருந்து போதிய தண்ணீர் குடித்தீர்களா?" என்று பெண்களிடம் ஒரு வரி கேட்டுப் பார், மகள். ஐந்து கட்டம் போட்டுக் கேட்கிற கேள்வியில் வராத உண்மை அதில் வரும்.

மொழியையும் சேர்த்துக்கொள். மலைநாட்டில் எத்தனையோ இடங்களில் பலகையில் தமிழ் இருப்பதில்லை, இருந்தாலும் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் வீட்டுக்கு மேலே இருக்கிற காட்டைப் பற்றித் தன் மொழியில் வாசிக்க முடியாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. 'அறிவிப்புப் பலகைகள் திருப்தியா?' என்று கேட்காதே. "நீங்கள் வாசித்த பலகையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேள்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளியில் நடக்கத் தொடங்கும் இடமான ஃபார் இன் பக்கத்தில் மரைகள் ஆளுக்குப் பக்கத்திலேயே வருகின்றன. பிள்ளைகள் பிஸ்கட் நீட்டினால் வாங்கித் தின்கின்றன. அந்தச் சந்தோஷத்தை ஏன் தடுக்கிறார்கள்? எங்கள் பயணத்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: பிள்ளைகளின் சந்தோஷம் உண்மை. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

மரையின் வயிறு புல்லுக்கும் இலைக்கும் பழகியது. மாவும் சீனியும் உப்பும் அதற்கு ஆகாது. கையிலிருந்து தின்று பழகிய மரை புல் மேய்வதை விட்டுவிட்டு வாகனம் நிற்கிற இடத்தில் காத்து நிற்கும். சாப்பாட்டு வாசனை ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். ஆளுக்குப் பயம் விட்டுப்போன கிடா கொம்பைத் திருப்பினால் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. அங்கே சிறுத்தை இருக்கிறது, அதற்கு முக்கியமான இரை மரை. மரையின் நடமாட்டத்தை பிஸ்கட் பக்கெட்டை வைத்து மாற்றுகிறோம் என்றால், நமக்குத் தெரியாமலே சிறுத்தையின் வாழ்க்கையிலும் கை வைக்கிறோம்.

வருகிறவர் மகிழ்ந்தால் போதும் என்று பூங்காவை நடத்த முடியாது, தம்பி. 1969 இல் அதை ஒதுக்கிடமாக்கியதும் 1988 இல் தேசியப் பூங்காவாக்கியதும் முதலில் அந்தக் காட்டுக்காகவும் தண்ணீருக்காகவும்தான். 2010 இலிருந்து அது உலக மரபுரிமை இடமும்கூட. பிள்ளைகளுக்கு வேறொரு சந்தோஷத்தைப் பழக்குங்கள். ஆறு மணிக்கு உள்ளே போய், வாகனத்தை நிறுத்தி, பேசாமல் புல்வெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் மரை மூச்சு விட்டால் மூக்கிலிருந்து ஆவி தெரியும். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். யாரோ வருவது தெரிந்ததும் முன்காலைத் தூக்கி நிலத்தில் தட்டும். இதைக் கண்ட பிள்ளை பிஸ்கட்டை மறந்துவிடும்.

கேள்வி: உலக முடிவில் நாங்கள் நின்றபோது ஒரு கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆடியது. சொல்லலாமா, பேசாமல் வரலாமா?
– ஒரு வாசகர், மாத்தளை

பதில்: சொல்லுங்கள், ஆனால் காவலரிடம் சொல்லுங்கள். பூங்காவுக்குள் பாட்டுப் போட அனுமதி இல்லை. அது விளிம்பு. அங்கே வாக்குவாதம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது முழங்கால் வலி. எங்காவது கூட்டிப்போகலாம் என்றால், "மலையிலேயே கிடந்தவளுக்கு மலையைக் காட்டப் போறியா?" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு மகன், மஸ்கெலியா

பதில்: உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். மலையில் இருந்தார்கள், சரி. ஆனால் மலையை அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம் இருந்தது? கண் கொழுந்தில், காது கங்காணியின் குரலில், மனம் கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடுமோ என்பதில். தலையில் கயிறு, முதுகில் பாரம், காலில் அட்டை. அதே மலையில் பாரமில்லாமல் உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்குப் புதிய அனுபவம்.

ஹோர்ட்டன் சமவெளி அவருக்கு வேண்டாம். ஏற்ற இறக்கமும் கல்லும் நிறைந்த பாதை, அந்த முழங்கால் தாங்காது. நுவரெலியா ஊரோரத்தில் கல்வேஸ்லேண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது, 2006 இல் அறிவித்தது. 30 ஹெக்டேருக்கும் குறைந்த சின்னக் காடு, முடிந்தமட்டும் நடந்துவிட்டுத் திரும்பலாம். அதுவும் முடியாது என்றால் ஊருக்கு நடுவே விக்டோரியா பூங்கா, சமதரையும் இருக்கைகளும் உண்டு. குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீரிலிருந்து வருகிற ஈப்பிடிப்பானும் அங்கே வரும். அவற்றைப் படமெடுக்கவென்றே வெளிநாட்டுக்காரர்கள் விடியற்காலையில் வந்து காத்திருப்பார்கள். ஹக்கல பூங்காவையும் சொல்லலாம். 1861 இல், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தருகிற சின்கோனா மரத்தை வளர்க்கத் தொடங்கிய இடம். ஆனால் அது சரிவான இடம், கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். அம்மாவைச் சொல்ல விடுங்கள். என் வீட்டுக்கு மகனோடு வந்த ஒரு வயதான அம்மா முதல் நாள் வாய் திறக்கவில்லை. மறுநாள் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்தபடி, எந்த இலையை அரைத்து அட்டைக்கடிக்குப் போடுவார்கள், எந்தச் செடி நிறைய முளைத்தால் மண் புளித்துவிட்டது என்று அர்த்தம் என்று ஒவ்வொன்றாகப் பேத்திக்குச் சொல்லத் தொடங்கினார். மகன் அதையெல்லாம் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டதாகச் சொன்னார். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, இன்னொரு தடவை வருவேன் என்றார்.

கேள்வி: பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்களாமே, சாப்பாட்டை எதில் கட்டுவது?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: விடமாட்டார்கள், விடவும் கூடாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற தாளைக்கூட உரித்து எடுப்பார்கள். நான் விருந்தினர்களுக்குத் தேங்காய் ரொட்டியை வாட்டிய வாழை இலையில் மடித்து, மேலே சுத்தமான துணி சுற்றிக் கொடுக்கிறேன். கட்ட சம்பலுக்கு மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா. அவித்த முட்டையைக் கோது உடைக்காமல் வையுங்கள். கோதையும் பழத்தோலையும் மறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். மக்கிவிடும்தானே என்று போட்டுவிட்டு வந்தால் அந்தக் குளிரில் அது நாள்கணக்கில் அப்படியே கிடக்கும், காகமும் மரையும் தேடி வரும். பழம் என்றால் வாழைப்பழத்தைவிடத் தோடம்பழம் நல்லது, பையில் நசுங்காது.